கட்டிலில் படுத்த மாஸ்டர்

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மாஸ்டர் கட்டிலில் ஏறி மல்லாந்து படுக்கிறார். ஆள் எண்பத்தெட்டுக் கிலோ. கட்டில் முனகுகிறது. சுற்றி நிற்கும் எட்டுப் பேரிடம், "நான் இப்ப இடுப்பெலும்பு உடைஞ்ச நோயாளி. பக்கத்துக் கட்டிலுக்கு என்னை மாத்துங்க. நான் வாயே திறக்க மாட்டேன்" என்கிறார். அது அவருக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

பதினெட்டு வருஷம் மருத்துவமனை உதவியாளராக நோயாளிகளைத் தூக்கியவர். இப்போது, முதுகு போகாமல் தூக்குவது எப்படி என்று புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பேச ஆரம்பித்தால் சாமானியத்தில் நிறுத்த மாட்டார். நோயாளி மாதிரி முனகுவார், அவசரக்கார டாக்டர் மாதிரி அதட்டுவார், தூக்குவதையும் தானே தூக்கிக் காட்டிவிடுவார். கேள்வி கேட்டுவிட்டு, எதிரே இருப்பவர் வாயெடுப்பதற்குள் பதிலும் சொல்லிவிடுவார்.

"கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க?" என்பாள் மனைவி.

அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே. வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று கருத்துப் படிவங்களைத் தன் கையாலேயே வாங்குவார். முகத்துக்கு நேரே யார் குறை எழுதிக் கொடுப்பார்கள்? 'மிக நன்று' என்று கட்டுக்கட்டாக வரும். மனிதர் அதையெல்லாம் நம்பினார், பாவம்.

இரண்டு மாதம் முன்பு ஒரு வார்டைத் தாண்டிப் போனபோது, முந்தின வாரம் அவரிடம் படித்த பெண்ணொருத்தி ஒற்றை ஆளாகக் குனிந்து ஒரு நோயாளியை இழுத்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அன்னிக்கு என்ன சொன்னேன்?" என்று பதறினார். "உங்க வகுப்பை மறக்க முடியுமாண்ணா? வயிறு வலிக்கச் சிரிச்சோமே" என்றாள் அவள், சந்தோஷமாக. என்ன சொன்னார் என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பத்தே நாளில் முதுகுப் பிடிப்பு என்று படுத்துவிட்டாள். அவரிடம் படித்துவிட்டு முதுகு போனவர்களில் அந்த வருஷத்தில் அவள் ஐந்தாவது ஆள். மாஸ்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா கூப்பிட்டுவிட்டார். "இனிமே வீடியோ போட்டுக் காட்டிக்கலாம்னு இருக்கோம் மாஸ்டர்."

"இன்னும் ஒரே ஒரு வகுப்பு குடுங்கம்மா. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

அதற்காக வீட்டில் ஒத்திகை வேறு நடந்தது. "எந்தச் சட்டை போடட்டும்?" என்று மனைவியைக் கேட்டுவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டார். அவள் வேண்டுமென்றே துவைத்த துணியையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டு, "நீலம்" என்றாள். அதற்குள் இவருக்கு வியர்த்துப்போயிற்று.

இன்று அந்த நீலச் சட்டையோடுதான் படுத்திருக்கிறார். கண்காணிப்பாளர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஓர் அம்மாள் துணிந்து அவர் அக்குளில் கை கொடுக்கிறாள். போச்சு, புதுசாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் அதே தப்பு. சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தபடி விழுங்கிக்கொள்கிறார்.

"அக்கா, அங்க புடிக்காதீங்க, தோள் பிசகிடும்." காலையிலிருந்து வாயே திறக்காத ஒருத்தியின் குரல். "எங்க மாமியாரை மூணு வருஷம் புரட்டிப் படுக்கவச்சிருக்கேன். அடியில இருக்கிற விரிப்போட சேர்த்து இழுத்தா நோகாது."

"முதல்ல சக்கரத்தைப் பூட்டுங்கப்பா" என்கிறார் இன்னொருவர். ஐயோ, பூட்டத்தான் இல்லை. படுத்தவருக்கே அது தோன்றவில்லை. இத்தனை வருஷமாக இவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் போனோமே என்று அவருக்கு வெட்கமாக இருக்கிறது. கூடவே சந்தோஷமாகவும் இருக்கிறது.

கட்டில்களை ஒட்டிப்போட்டுச் சக்கரங்களைப் பூட்டுகிறார்கள். இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர். விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடிக்கிறார்கள். "முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க" என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு. மாமியாரைப் பார்த்துக்கொண்டவள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு நிறுத்துகிறாள்.

"மாஸ்டர், கட்டிலை விடுங்க. நாங்க பாத்துக்கிறோம்."

விளிம்பைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் எடுத்து, மாஸ்டர் மார்பின்மேல் வைத்துக்கொள்கிறார்.