உடம்பில் ஒட்டாத சோறு

போன மாதம் செய்தி கொண்டுவந்தவன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் சாமுவேல். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, "ஞானமணி அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சு நின்னு போச்சு" என்றான். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேன் ஞானமணியிடம் கிறிஸ்துமஸ் கோழி வாங்காதவர் நம் சபையில் உண்டா? ஒரு வருடம், பண்டிகைக்கு நன்றாகக் கொழுக்கட்டும் என்று பளபளவெனத் தீட்டிய வெள்ளையரிசியை மட்டுமே போட்டு வளர்த்தார். கோழிகள் கால் மடங்கி, கழுத்து பின்னுக்கு இழுத்து, ஒவ்வொன்றாக விழுந்தன. சாமுவேல் வந்து பார்த்து, தவிடு பிசைந்து வைக்கச் சொன்னான். மிஞ்சியவை எழுந்து மண்ணைக் கிளறின.

அதற்குப் பிறகு அவர் தொல்லை தாங்க முடியவில்லை. யார் வீட்டுக் கூட்டிலும் எட்டிப் பார்ப்பார். "சத்தையெல்லாம் ஆலையிலயே விட்டுட்டு வெறும் வெள்ளையைப் போடுறியேப்பா" என்று என்னைத் திட்டியிருக்கிறார். குஞ்சுகளுக்குச் சோளத்தை முழுசாகப் போட்டாலும் பிடிக்காது. "இடிச்சு ஊறவச்சுப் போடு. தின்னா மட்டும் போதுமா? உடம்புல ஒட்ட வேணாமா?"

அவர் மனைவி ரூத்தக்கா இருந்தவரை அவருக்கும் வீட்டில் சத்து போகாத புழுங்கலரிசிச் சோறுதான். அக்காவை அடக்கம் செய்த பிறகு அவர் அடுப்பு மூட்டவில்லை. "ஒத்த ஆளுக்கு எதுக்கு உலை?" என்பார். மூலைச் சீனர் கடையில் வேளாவேளைக்கு வெள்ளையரிசிக் கஞ்சியும் உப்புமீனும். கோழிகளுக்கு மட்டும் தவறாமல் தவிடு பிசைந்து வைத்துவிட்டுப் போவார். சாப்பிடக் கூப்பிட்டால், "வரேன், வரேன்" என்பார். வரமாட்டார். கால் வீங்கியபோது எஞ்சினில் நின்ற கால் அப்படித்தான் இருக்கும் என்றார். நாங்களும் நம்பினோம்.

கடைசியில் கோழிக்கூட்டின் அருகே விழுந்து கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "கோழிக்கு வந்த அதே வியாதிதான் அண்ணே, தவிட்டுச் சத்து இல்லாம வர்ற பெரிபெரி. கால் வீங்கினப்பவே வந்திருக்கலாமே" என்றான் சாமுவேல்.

"அப்பவே தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ போனப்புறம் சோறு எறங்கல. கஞ்சிதான் எறங்குச்சு. போதும்னு விட்டுட்டேன்."

எங்கள் எல்லார் கண்ணெதிரேயும்தான் நடமாடினார். ஒருவரும் அவர் தட்டை எட்டிப் பார்க்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பழக்கம். நேற்று கிள்ளானில் மனைவியை இழந்த ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறுதல் சொல்லவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது. வரட்டும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.