ஸ்டோருக்குள் காய்ந்த சிவப்பு வண்டி

என் மேசைமேல் நிற்கும் சிறிய மோட்டார் சைக்கிளைப் பலகையோடு தூக்கித் திருப்பினால், அடியில் ஊசியால் கீறிய எழுத்து தெரியும்: ‘புரட்டாசி. ஆயுத பூஜைக்கு.’ ஆண்டு இல்லை. வீட்டுக்கு வாங்கும் மிக்சிக்குக்கூடத் தேதி எழுதி ஒட்டிவைக்கும் எனக்கு, இந்தக் கீறலோடு மல்லுக்கட்டியே பல மாலைகள் போயின. ஆயுத பூஜை சில ஆண்டுகளில் புரட்டாசியில் வரும், சில ஆண்டுகளில் ஐப்பசிக்குத் தள்ளிப்போகும். பஞ்சாங்கங்களைப் புரட்டிச் சில ஆண்டுகளைக் கழித்தேன். நான் அப்போது ஐந்தாம் வகுப்பா ஆறாம் வகுப்பா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஓர் ஆண்டு என்று எழுதிவைத்துவிட்டேன். ஆண்டு தெரிந்தால் மட்டும் மற்றது தெரிந்துவிடுமா என்ன?

காலாண்டுப் பரீட்சை விடுமுறை என்றால் அம்மா என்னைப் போடியிலிருந்து ஜீப்பில் ஏற்றி மலைக்கு அனுப்பிவிடுவாள். போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே பெரியம்மா வீடு. வீட்டை ஒட்டிப் பெரியப்பாவின் ஸ்டோர். ஸ்டோர் என்றால் கடை அல்ல. பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு இரும்புக் குழாய்கள் வழியாக உள்ளே போய், அடுக்கடுக்கான வலைத்தட்டுகளில் பரப்பிய காயை ஒரு பகலும் ஓர் இரவும் காயவைக்கும். சொந்த ஸ்டோர் இல்லாத சிறு விவசாயிகள் காயைக் கொண்டுவந்து இறக்கி, கூலிக்குக் காயவைத்துக்கொண்டு போவார்கள். சூடு குறைந்தால் காயின் பச்சை போய்விடும்; கூடினால் காய் வெடிக்கும். அந்த அடுப்புக்குக் காவல் என் மாமா, பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே தம்பி.

மாமாவுக்கு அடுப்பு பிடிக்கவில்லை. அவருக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். ஓட்ட அல்ல, பிரித்து, நீட்டி, தாழ்த்தி, செய்த கம்பெனிக்கே அடையாளம் தெரியாதபடி மாற்ற. மாற்றுவதற்குக் கையில் வண்டி இல்லாததால் சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். வண்டியில் ஓர் அடி என்றால் அவரிடம் ஓர் அங்குலம். மருந்தடிக்கும் பம்பின் வாஷர்கள் டயராகும். கிளட்ச் கேபிளைப் பிரித்தெடுத்த மெல்லிய கம்பிகள் சக்கரத்தின் ஆரங்கள். குடைக்கம்பி முன்பக்க ஃபோர்க். பற்பசை ட்யூபைக் கத்தரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எஞ்சினின் செதில்கள். பெட்ரோல் டாங்குக்கு மட்டும் மரம்; கல்யாண முருங்கையைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்ப்பார்.

தேனியில் வண்டிகளை மாற்றியமைத்துக் கொடுக்கும் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். மாமா அவரிடம் வேலை கேட்டுப் பல முறை போயிருக்கிறார். கடைசியில் அவர், தானே மாற்றிக் கட்டிய சிவப்பு புல்லட் ஒன்றைக் காட்டி, “இத சின்னதா செஞ்சு ஆயுத பூசைக்குள்ள கொண்டா. பூசையில வைப்போம். கை நல்லாருந்தா பெரிய வண்டியில கை வை” என்று சொல்லியிருந்தார். மாமா டெய்லர் டேப்பால் அந்த வண்டியை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டு மலையேறியவர், அதன்பிறகு சரியாகத் தூங்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ஒரு பலகைமேல் நின்றது. முன்சக்கரம் கழுத்தை நீட்டிய ஆட்டுக்கிடாபோல எங்கோ முன்னால் இருந்தது. சீட்டு ஒரு பழைய மணிபர்சின் தோல். செயின்கூட இருந்தது.

“ஓடாத வண்டிக்கு எதுக்கு மாப்ளே செயினு?” என்றார் பெரியப்பா.

“ஓடுற வண்டியில செயினை யாரு மச்சான் பாக்கறா? இதுலதான் பாப்பாங்க.”

“அடுப்பப் பாருய்யா மொதல்ல.”

பெரியப்பா எப்போதும் இப்படித்தான். அதை ‘பொம்மை’ என்றே சொல்வார். ஆனால் பலகைக்குப் பக்கத்தில் போகும்போது மட்டும் வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போவார்.

மீதி இருந்தது பெயிண்ட். அங்கேதான் மலை மாமாவைப் பழிவாங்கியது. கார்களுக்கு அடிக்கும் சிவப்பு பெயிண்டைத் தின்னரில் கரைத்து, பூச்சுக்குமேல் பூச்சாகப் பூச வேண்டும். அந்தப் புரட்டாசியில் மழை விட்டாலும் மேகம் விடவில்லை. கதவைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வரும். ஈரக்காற்றில் அந்தப் பெயிண்ட் காயும்போது பால் கலந்ததுபோல் வெளுத்துப் பூத்துவிடும். மாமா பூசுவார், பூக்கும், தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி பூசுவார். கம்பளிக்குள் வைத்துப் பார்த்தார். அரிசிப்பானைக்குள் வைக்கப் போனபோது பெரியம்மா அகப்பையை ஓங்கினாள்.

“சோத்துல தின்னரு வாடை அடிச்சுச்சு, ஒன்னைய அந்த வண்டியிலேயே ஏத்தி அனுப்பிருவேன்.”

“அதுல ஒன் சுண்டுவெரல்தான் ஒக்காரும் அக்கா.”

சமையல் அடுப்புப் பக்கம் வைக்கலாமே என்று நான் சொன்னேன். மாமா என்னை முறைத்தார். “தின்னரும் தீயும் பங்காளிக ஆத்தா. பக்கத்துல விடக்கூடாது” என்றார். தின்னர் டப்பாவை வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் இறக்கிய சாய்ப்புக் கொட்டகையில்தான் வைப்பார். பெயிண்ட் வேலை முழுவதும் அந்தச் சாய்ப்பில்தான். பிரஷ் இறுகாமல் இருக்க, பலகையிலேயே ஒரு சின்ன டப்பாவில் தின்னர் ஊற்றி அதில் நிறுத்திவைப்பார்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, மாலையில், கடைசிப் பூச்சு. மாமா வண்டியைச் சாய்ப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதுவும் பூத்துச்சுன்னா பூசைக்கு வண்டி இல்ல. அம்புட்டுத்தான்” என்றார். என்னிடம் சொன்னாரா, பெரியப்பாவிடமா என்று தெரியவில்லை. பெரியப்பா பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஸ்டோர் பக்கம் போனார். நான் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் காய்ந்த காயைத் தட்டுகளிலிருந்து இறக்கினார்கள். ராசிங்காபுரத்திலிருந்து வந்து மலையில் கொஞ்சம் நிலம் பிடித்திருந்த ஒருவரின் காய் அது. அந்தப் பருவத்தில் அவருக்கு நல்லபடியாக வந்த முதல் பறிப்பு. உலர்ந்த காயைச் சூடாறுவதற்குள் வலைமேல் போட்டுத் தேய்த்து, நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த வாலைப் போக்குவார்கள். பெரியம்மா ஒரு கை அள்ளித் தேய்த்தாள். நிறுத்தினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

அவள் ஏதாவது சொல்வதற்குள் ராசிங்காபுரத்துக்காரர் ஒரு காயை வாயில் போட்டுக் கடித்துவிட்டார். பிறகு துப்பினார்.

“என்னண்ணே இது? பாயசத்துக்குப் போடவா, இரும்புக் கேட்டுக்குப் பூசவா?”

முற்றத்தில் இன்னும் சிலர் காய் மூட்டைகளோடு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு காயை எடுத்து முகர்ந்தார்கள். ஒரு மலையாளத்துச் சேட்டன் முகத்தைச் சுளித்து, “எந்து மணமாணு இது!” என்றார். “இதுல டீ போட்டுக் குடிச்சா ஆளு ஸ்டார்ட் ஆயிருவான்” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். ஆனால் மூட்டைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே சிரித்தார்கள்.

ஏலக்காய் அப்படித்தான். தன் மணத்தை எல்லாவற்றுக்கும் கொடுக்கும். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை வாங்கியும் கொள்ளும். மண்ணெண்ணெய் விளக்கைக்கூட ஸ்டோருக்குள் கொண்டுபோக மாட்டார்கள். ஏலம் விடும் இடத்தில் வியாபாரிகள் காயைப் பிளந்து முகர்ந்துதான் கை வைப்பார்கள்.

யாரோ உள்ளே போய், மூலையில் தட்டுகளுக்குக் கீழே இருந்த பலகையைத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார்கள். சிவப்பு வண்டி. பூக்கவில்லை. ரத்தச் சிவப்பாக, கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது; முற்றத்தில் நின்றவர்கள் முகங்களெல்லாம் அந்தச் சின்ன டாங்கில் தெரிந்தன. பக்கத்தில் பிரஷ் நின்ற டப்பா. அதிலிருந்த தின்னர் முழுவதும் ஆவியாகி, பிரஷ் கட்டையாக நின்றது.

மாமா அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கம்பளியைப் போர்த்தியிருந்தார். வண்டியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் பார்த்தது டப்பாவை. அதற்குப் பிறகு பெரியப்பாவை. பெரியப்பா வேட்டியின் மடிப்பை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தார்.

“யாருண்ணே இத உள்ள வச்சது? ஒங்க ஸ்டோர நம்பித்தான எறக்குறோம்?” என்றார் ராசிங்காபுரத்துக்காரர். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. “போன வெள்ளாமையும் எனக்கு இல்ல. இதுவும் போச்சுன்னா நான் எந்த மொகத்தோட கீழ எறங்குவேன்?”

பெரியப்பா வாயைத் திறந்தார்.

“நான்தேன் வச்சேன்” என்றார் மாமா. “காயணும்னு வச்சேன். மச்சானுக்குத் தெரியாது.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெளையாட்டுச் சாமானுக்காக அடுத்தவன் வயித்துல அடிக்கிறான் என்றார் ஒருவர். இவன் தீப்போடுற எடத்துல இனி எங்க காய எறக்க மாட்டோம் என்றார் இன்னொருவர். மாமா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பெரியப்பா ராசிங்காபுரத்துக்காரருக்குத் தன் சொந்தக் காயிலிருந்து அளந்து கொடுத்தார். அளக்கும்போது குவித்து அளந்தார். மாமாவைப் பார்த்து, “நீ கெளம்பு மாப்ளே” என்று மட்டும் சொன்னார். அதையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்று மதியமே ஜீப்பு வந்தது. மாமாவின் துணிப்பையைப் பெரியப்பாவே தூக்கிவந்து ஏற்றினார். வண்டியை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் வாழைச்சருகைத் திணித்தார். பெரியம்மா அழுதாள், புருஷனைத் திட்டவில்லை, தம்பியையும் திட்டவில்லை, மழையைத் திட்டினாள். மாமா என் தலையைத் தடவிவிட்டு முன்சீட்டில் ஏறினார். அவர் முகத்தில் இருந்ததை நான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அன்று வந்தது கோபம். தப்புச் செய்தது மாமா. ஆனால் அவர் நினைத்ததுதான் நடந்தது. அடுப்பை விட்டுவிட்டுத் தேனிக்குப் போகிறார். நட்டப்பட்டது பெரியப்பா. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த நீதி எதற்கும் இது ஒத்துவரவில்லை.

பட்டறைக்காரர் வண்டியைப் பூஜையில் வைத்தார். “என்னப்பா, ஏலக்காய் வாசம் அடிக்குது” என்று ஆச்சரியப்பட்டாராம். மாமாவை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். மாமா அங்கே டாங்குகளுக்குப் பெயிண்ட் அடித்தார். பிறகு சைலன்சரை மாற்றினால் அபராதம், கைப்பிடியை மாற்றினால் அபராதம் என்று வந்து, மாற்றிக் கட்டும் ஆட்கள் குறைந்து, பட்டறை மூடப்பட்டது. அலமாரியில் இருந்த சிறிய வண்டி மாமாவிடம் திரும்பி, அவரிடமிருந்து எனக்கு வந்தது. மாமா இப்போது தேவாரம் போகும் சாலையில் ஒரு கொட்டகையில் பஞ்சர் ஒட்டுகிறார். பெயிண்ட் தூசி நெஞ்சில் தங்கி, நான்கு வார்த்தைக்கு ஒருமுறை இருமுகிறார். வண்டி எதுவும் செய்வதில்லை. மலைக்கும் அவர் ஏறியதில்லை.

சென்ற ஆண்டு பெரியப்பா இறந்தார். துக்கத்துக்குப் போயிருந்தபோது பெரியம்மா, கேட்காமலே, வேறெதையோ சொல்லிவரும் வழியில் ஒன்றைச் சொன்னாள். வண்டி ஸ்டோருக்குள் காய்ந்த அந்த இரவு மாமாவுக்குக் காய்ச்சல். பல நாள் தூக்கமில்லாமல் கிடந்ததில் உடம்பு அனலாகக் கொதித்தது. கஷாயம் கொடுத்துப் படுக்கவைத்தது அவள்தான். அடுப்பைப் பார்த்தது பெரியப்பா.

“நீங்க பாத்தீங்களா பெரியம்மா, பலகையத் தூக்கிட்டுப் போனத?”

“நான் எங்கிட்டுப் பாத்தேன்? எனக்குத் தூக்கம். அவரு ஒருக்கா எந்திரிச்சு வந்து, காச்ச விட்டுச்சான்னு அவன் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போனாரு. அம்புட்டுத்தான் தெரியும்.”

யோசித்துப் பார்க்கிறேன். தின்னரைச் சமையல் அடுப்புக்குப் பக்கத்தில்கூட விடாத ஒருவர், அதைத் திறந்த டப்பாவோடு ஸ்டோர்ச் சூட்டுக்குள் வைப்பாரா? பெயிண்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர்தான், இருந்ததை இருந்தபடி, பலகையோடு, ஆடாமல் அசையாமல் தூக்கிக்கொண்டு போய் வைத்திருப்பார். அடுப்புக்காரன் தப்புச் செய்தால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஸ்டோர்க்காரனே செய்தால் காய் இறக்க யார் வருவார்கள்? மாமாவிடம் நேரில் கேட்டேன். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, “யாரு வச்சா என்ன ஆத்தா? காஞ்சிருச்சுல்ல” என்றார். பிறகு நெடுநேரம் இருமினார்.

எனக்கு நினைவிருக்கும் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த ஜீப்பு வளைவில் மறைந்ததும் பெரியப்பா அடுப்படிக்குப் போய், குந்தி உட்கார்ந்து, தானே விறகைத் தள்ளினார். ஸ்டோரை விற்கும் வரைக்கும் வேறு ஆள் வைக்கவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் போகும்போது புகையில் கண் சிவந்து அங்கேயே உட்கார்ந்திருப்பார். சம்பளம் மிச்சம் பிடிக்கிறார், கஞ்சர் என்று நான் அம்மாவிடம் வந்து சொல்வேன். அம்மா மறுக்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பலகையை உள்ளே வைத்தவர் பெரியப்பாதான் என்பதற்குப் பார்த்த சாட்சி யாருமில்லை. இது இன்னும் உறுதிப்படவில்லை.