கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்

வளைவுகளில் எங்கள் பழைய கார் டக் டக்கென்று சத்தம் போட்டது. ஆக்ஸில் தேய்ந்திருந்தது. தேயிலை பேக்டரி ஃபிட்டரான எனக்கே மாற்றத் தெரியும். ஆனால் தோட்டத்து லய வீட்டு வாசலில் ஜாக் வைக்கச் சமதரை இல்லை.

"வண்டிக்கு அடியில படுக்காதீங்க, கராஜுல குடுங்க" என்றாள் மனைவி.

கராஜில் விட்டேன். "புது ஆக்ஸில் போட்டாச்சு மல்லி, பயமில்லாம ஓட்டு" என்றார் கராஜ்காரர், தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி.

அடுத்த வாரம், பிரசவ வலியில் துடித்த தங்கச்சியை ஏற்றிப் போனபோது, றக்வான மலைப்பாதை ஏற்றத்தில் படாரென்று ஆக்ஸில் முறிந்தது. கார் பின்னால் உருண்டு மண்மேட்டில் இடித்து நின்றது. ஓரடி தள்ளியிருந்தால் பள்ளம். பின்னால் வந்த லொறிதான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

முறிந்த ஆக்ஸிலைச் சுரண்டினேன். கறுப்புப் பெயிண்டுக்கு அடியில், லயத்துக்குக் குடிவருமுன் ஒருமுறை கழற்றியபோது, பேக்டரிப் பழக்கத்தில் அடையாளத்துக்கு நானே உளியால் குத்திய இரண்டு புள்ளிகள்.

இப்போதெல்லாம் கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் கராஜை விட்டு வருவதில்லை.

"எங்க மேல நம்பிக்கை இல்லையா மல்லி?" என்கிறார்கள்.

"இல்லை" என்கிறேன்.