வெயிலுக்கும் வரி

பினாங்கில் பெட்ரோல் போடப் போகும்போதெல்லாம் நான் வெளியூர்க்காரன் என்பது ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. பம்ப் ஒன்றுதான், எண்ணெயும் ஒன்றுதான். முன்னால் நிற்பவர் தன் அடையாள அட்டையைச் செருகினால் அவருக்கு அரசாங்க மானிய விலை. அந்த அட்டை இல்லாத எனக்கு வேறு விலை. இந்த ஏற்பாடு வந்த புதிதில், எதற்கும் இருக்கட்டும் என்று என் வேலை அனுமதி அட்டையை நீட்டினேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அதைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "கோசோங்" என்று திருப்பிக் கொடுத்தாள். காலி என்று பொருள். அவள் அட்டையைத்தான் சொன்னாள். நான்தான் ஒரு கணம் என்னைச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

இதில் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஒரு நாடு தன் எண்ணெயைத் தன் மக்களுக்கு மலிவாகக் கொடுப்பதில் என்ன தப்பு? அலுப்புதான். எங்கள் குடும்பத்தின் போக்கை எண்ணெய் முடிவு செய்வது இது முதல் தடவை அல்ல. அப்பா குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். திருநெல்வேலியில் நாங்கள் குடியிருந்த வீடு அவர் அனுப்பிய பணத்தில்தான் எழும்பிக்கொண்டிருந்தது. போர் வந்ததும் பாலைவனம் தாண்டி, அகதி முகாமில் கிடந்து, ஒரு தோள்பையோடு வந்து இறங்கினார். மாடிக்கு விட்டிருந்த கம்பிகள் அப்படியே துருப்பிடித்து நின்றன. அதன்பிறகு காலையில் பேப்பரைப் பிரித்தால் அவர் முதலில் தேடுவது எண்ணெய் விலையைத்தான். நான் டிப்ளமோ முடித்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "எங்க வேணா போ. எண்ணெய் இருக்கற பக்கம் மட்டும் போயிராத." நானும் சூரியத் தகடு செய்யும் தொழிலுக்குப் போனேன். வெயிலுக்காக எவனும் படையெடுத்து வரமாட்டான் என்பது என் கணக்கு.

அப்படித்தான் மனைவி, மகளோடு பினாங்கு வந்து, சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு பிடித்து, பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயா பக்கம் இருந்த ஒரு சீனக் கம்பெனியில் இயந்திரப் பராமரிப்புக்குச் சேர்ந்தேன். அங்கே செய்யும் தகடுகள் எல்லாம் அமெரிக்காவுக்குப் போயின. சீனாவில் செய்தால் அமெரிக்காவில் வரி அதிகம் என்பதால் மலேசியாவில் செய்தார்கள். எங்கள் பிழைப்பே இரண்டு பெரிய நாடுகளின் சண்டைக்கு நடுவே இருந்த ஓர் இடுக்குதான். இது உள்ளே போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் லைனுக்குத் தலைவி சரஸ் அக்கா. பினாங்கில் பிறந்து வளர்ந்தவர், பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்ப்பவர், எங்கள் குடியிருப்பில் இரண்டு மாடி கீழே இருந்தார். கணவர் இறந்தபின் தனியாளாக இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். தகட்டுக்குள் வைக்கும் சில்லுகளை மெல்லிய கம்பியால் கோத்து ஒட்டும் பெரிய இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வருவார்.

ஒருநாள் அமெரிக்கா மலேசியத் தகடுகளுக்கும் வரி போட்டது. அந்த இடுக்கும் மூடிக்கொண்டது. ஒவ்வொரு லைனாக விளக்கை அணைத்தார்கள். ஓய்வறையில் ஆட்கள் குறையக் குறைய, பேச்சும் குறைந்துபோனது. ஒரு மத்தியானம் சீன மேனேஜர் லின் என்னைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "குட் நியூஸ். யூ கோ ஹோம்" என்றார். வேலை போய்விட்டது, அதைக்கூட இந்த மனுஷன் நல்ல சேதி என்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்தேன். அவர் பின்னாலேயே ஓடிவந்தார். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். திருநெல்வேலி.

இந்தியா சீனத் தகடுகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே செய்யத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் புதுக் கம்பெனி ஒன்று எங்கள் இயந்திரங்களை வாங்கியிருந்தது. அவற்றைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே பூட்ட வேண்டும். லின் போயிருக்க வேண்டிய வேலை. அவருக்கு இந்திய விசா கிடைக்கவில்லை. எல்லையில் இந்தியாவும் சீனாவும் முறைத்துக்கொண்டிருந்தன. அதற்கு அவர் என்ன செய்வார்? இயந்திரத்தைத் தடவிக்கொண்டே, "மெஷின் கேன் கோ. மீ கெனாட்" என்றார்.

கழற்றும் வேலைக்கு சரஸ் அக்காவும் வந்தார். அந்த வாரத்தோடு அவருக்கு வேலை இல்லை. தான் ஓட்டிய இயந்திரத்தின் உருளைகளைத் தானே துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கையிலிருந்த வேலை என் ஊருக்குத்தானே போகிறது. மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ என்ன லா பண்ணுவ தம்பி," என்றார் நிமிராமலே. "எங்க தாத்தா அங்கேருந்து கப்பல்ல வந்தாரு. இப்ப மெசின் இங்கேருந்து கப்பல்ல போவுது. ஆளுங்களதான் யாரும் கூப்பிட மாட்டேங்கறாங்க."

அன்று மாலையே லின்னிடம் போய், பயிற்சி கொடுக்க சரஸ் அக்காவையும் அனுப்பச் சொன்னேன். மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா சுலபமாகக் கிடைத்தது. அந்த விசாவைப் பார்த்து லின் பெருமூச்சு விட்டார்.

திருநெல்வேலியில் சில மாதங்கள் இருந்தோம். வேலைக்கு வந்த பெண்கள் அவரை மலேசியா அக்கா என்று கூப்பிட்டார்கள். என்னையும் மலேசியா சார் என்றார்கள், என் வீடு பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்தும். அக்கா சந்தையை "பாசார்" என்றால் அவர்கள் விழித்தார்கள். அவர்கள் பேசும் வேகத்தில் அக்கா விழித்தார். லின் வீடியோவில் வந்து ஒவ்வொரு திருகாகக் காட்டச் சொல்வார். முதல் தகடு வெளியே வந்தபோது பெண்கள் கைதட்டினார்கள், திரையில் லின்னும் தட்டினார். அக்கா மட்டும் இயந்திரத்தின் உருளைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே தங்கிவிடும்படி கம்பெனியில் என்னிடம் சொல்லிப் பார்த்தார்கள். மகள் மலாயில் கனவு கண்டு பிதற்றுகிறவள். மனைவிக்குப் பினாங்கில் நல்ல வேலை. திரும்பி வந்துவிட்டேன்.

சரஸ் அக்கா இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். நாளெல்லாம் நிற்பதில் கால் வீங்குகிறது என்கிறார். நான் வீட்டுக் கூரைகளில் தகடு பொருத்தும் சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். போன வாரம் செபராங் ஜெயாவில் ஒரு வீட்டுக் கூரையில் வேலை. தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. கைபேசி அடித்தது. திருநெல்வேலியில் அக்காவிடம் வேலை பழகிய மாரியம்மாள். பின்னணியில் அந்த இயந்திரத்தின் சத்தம் கேட்டது. எங்கே கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"சார், இங்கயும் அமெரிக்கா வரி போடுதாங்களாமே. நம்ம லைன் நிக்குமா சார்?"

ஓட்டம் நின்றுவிடுமா என்று கேட்டாளா, நிலைத்து நிற்குமா என்று கேட்டாளா, தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். யாரிடம் விசாரிப்பேன்? நான் நின்ற கூரையிலிருந்து பார்த்தால் சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் பழைய தொழிற்சாலையின் நீலக் கொட்டகை தெரிந்தது. கேட் பூட்டிக் கிடந்தது. காதில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.