அத்தையின் கைவேலை

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. எழுபதுகளில் எங்கள் மயிலாப்பூர் வீடுகளில், பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணின் கைவேலைகளைப் பரப்பி வைப்பார்கள். ஒயர் கூடை, மணி பொம்மை, பூத்தையல் போட்ட தலையணை உறை. அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு இதில் ஒன்றும் வராது. எம்.எஸ்ஸி. பௌதிகம் முடித்திருந்த அவளிடம் ஒரு கண்ணாடி ஜாடிதான் இருந்தது. அதில் ஒருவகை ரசாயன உப்பின் கரைசலை ஊற்றி, நூல் கட்டித் தொங்கவிட்டு, மூன்று மாதமாக ஒரு படிகத்தை வளர்த்துவந்தாள். லேசாக அழுத்தினாலே மின்சாரம் தரும் படிகம். ஜாடி அசையக் கூடாதென்று அந்தப் பக்கம் எங்களை ஓடக்கூட விடமாட்டாள். மறுநாள் காலை அதைக் கிண்டியில் ஒரு பேராசிரியரிடம் காட்ட வேண்டும். நன்றாக வந்திருந்தால் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

அன்று அத்தையைப் பெண் பார்க்க வந்திருந்த பையனின் அம்மா, கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "பொண்ணு கைவேலை ஏதாவது பண்ணுவாளோ?" என்று கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பி, "அத்தை வளர்க்கறாளே, அந்தக் கல்லை எடுத்துண்டு வா" என்றார். கல்லாம்.

எனக்கு எட்டு வயது. பெருமை தாங்கவில்லை. நூலோடு தூக்கினேன்; பிசுபிசுத்தது. "நன்னா அலம்பிண்டு வாடி" என்றாள் அம்மா. குழாயடியில் தேய்த்துத் தேய்த்து அலம்பினேன். உப்பு தண்ணீரில் கரையாமல் என்ன செய்யும்? பளபளவென்று இருந்த படிகம் முனை மழுங்கி, சப்பிப்போட்ட கல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. கூடத்தில் அது கைக்குக் கை மாறியது.

"அழகா இருக்கே. இதுக்கும் கிளாஸ் நடத்தறாளா?" என்றார் அந்த அம்மாள், நெய்க் கையால் தடவிக்கொண்டே.

பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பாடச் சொன்னார்கள், பாடினாள்.

அவர்கள் படியிறங்கியதும் அத்தை என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "ஒரு கல்லுக்காகக் குழந்தையை அடிப்பாளோ?" என்று வீடே அவள்மேல் பாய்ந்தது. பேராசிரியரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வரன் குதிர்ந்தது. அவள் கல்யாணமாகிப் போகும்வரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படிப்பட்ட படிகங்களைக் கொண்டு சென்சார் செய்வதுதான் இத்தனை வருடமாக என் உத்தியோகம். ஆய்வுக்கூடத்தில் யாராவது கேட்காமல் எதையாவது தொட்டால் கூரை பறக்கக் கத்துகிறேன். என்னால் கத்த முடிகிறது.

அந்த அறை அப்பாவுக்கு விழ வேண்டியது என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் அவள் கை ஓங்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.