பிந்தி வந்த பழைய செய்தி

வெள்ளவத்தையில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் மரண அறிவித்தல்களைக் குறுஞ்செய்தியாக அனுப்புவது என் பொறுப்பு. ஒரு குறுஞ்செய்தி நிறுவனத்தின் சேவை தடைப்பட்டால், செய்தி தானாகவே இன்னொரு நிறுவனத்தின் வழியாகப் போகும்படி செய்திருந்தேன். இனிப் பிழை நேராது என்று நம்பியிருந்தேன்.

அண்மையில் உறுப்பினர் ஒருவர் காலமானார். மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்குத் தகனம் என்று அனுப்பினேன். முதல் நிறுவனத்திலிருந்து பதில் வராததால், இரண்டாவது நிறுவனம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு குடும்பத்தார் நேரத்தைக் காலை பதினொரு மணிக்கு மாற்றினார்கள். அந்தத் திருத்தத்தை நேரே இரண்டாவது நிறுவனத்தின் வழியாகவே அனுப்பினேன்; அதுவும் எல்லோருக்கும் கிடைத்தது.

முதல் நிறுவனத்தில் பழைய செய்தி தேங்கிக் கிடந்ததை நான் யோசிக்கவில்லை. காலையில் அவர்களின் சேவை சரிவந்ததும் அதுவும் எல்லோருக்கும் போய்விட்டது. பெரும்பாலானோர் செத்தவீட்டிலேயே இருந்ததால் குழம்பவில்லை.

பிற்பகல், இறந்தவரோடு ஒரே கந்தோரில் வேலை செய்த, வத்தளையில் இருக்கும் அங்கிள் அழைத்தார்.

"பிள்ளை, நான் கனத்தை மயானத்தில நிக்கிறன். ஒருத்தரையும் காணேல்லை."

"காலமையே எல்லாம் முடிஞ்சுது அங்கிள். நேரம் மாத்தின மெசேஜ் வரேல்லையா?"

"வந்தது. பிறகு திரும்பவும் நாலு மணி எண்டு வந்தது. கடைசியா வந்ததைத்தானே நம்புவம். பூமாலை கொண்டு வந்தனான். இதை என்ன செய்யிறது, பிள்ளை?"



இப்போது முதல் வழியில் நிற்கும் செய்தியை ரத்துச் செய்த பிறகே அடுத்த வழிக்குக் கொடுக்கிறேன். நேரம் மாறினால் ஒவ்வொருவருக்கும் நானே தொலைபேசியில் கோல் எடுக்கிறேன். மெசேஜ் வந்ததே, பிறகேன் கோல் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். வத்தளை அங்கிள் மட்டும் நேரத்தை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

— ஒரு வாசகி, வெள்ளவத்தை