கட்டுச்சோற்றுக்கு நடுவே ஒரு ஸ்பிரே டப்பா

நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் செய்கிறோம். வாளையாரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளுக்கு ஏழாம் மாதம். தாய்வீட்டுச் சீராகக் கட்டுச்சோறு கொண்டு போகும் நாளன்று, ஐந்து வகைச் சோற்றையும் ஆவி பறக்கக் கார் டிக்கியில் அடுக்கிக்கொண்டு ஐந்து பேராகப் புறப்பட்டோம்.

பாதி வழியில், கார் உதிரிபாகக் கடைத் தம்பி, பில் போடும்போது நான் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தார்.

"அக்கா, போன வாரம் வாங்கின பிரேக் கிளீனர் ஸ்பிரே எங்கீங்க இருக்குது? கம்பெனியே எல்லாத்தையும் திருப்பிக் கேக்குதுங்க. டப்பா கசியுதாமா. சூடு பட்டாத் தீப்பிடிச்சுக்குமுங்க."

டப்பா சோற்றுப் பாத்திரங்களுக்கு நடுவில்தான் இருந்தது. உடனே வண்டியை ஓரங்கட்டி எல்லோரும் இறங்கினோம். டிக்கியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறியது. என் கணவர் டப்பாவை எடுத்துப்போய், ஆள் நடமாட்டமில்லாத மர நிழலில் வைத்தார். கடைத் தம்பி வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை யாரையும் அருகில் விடவில்லை.

தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும், மூடியிருந்த சோறு நெடி ஏறாமல் தப்பியிருந்தது. பசியோடு காத்திருந்த மகள் புளிச்சோற்றை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது எந்த ஸ்பிரேயையும் நாங்கள் காரில் வைப்பதில்லை. "கடையில போன் நம்பரெல்லாம் குடுக்காத" என்று முன்பெல்லாம் என்னைக் கடிந்துகொண்ட என் கணவர், இப்போதெல்லாம் கடைக்காரர் கேட்பதற்கு முன்பே இரண்டு பேர் நம்பரையும் சொல்லிவிடுகிறார்.